கல்யாண அடி

1991இல் எனக்குப் பதின்மூன்று வயது; பிள்ளைப்பாக்கத்து டூரிங் கொட்டகையில் திரையைப் பாராமல், இசையைக் கேட்டே அடுத்து வரப்போவது யார் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவனே என்பதும், தலைமையாசிரியர் மகன் என்பதைவிட அந்தப் பெயரையே நான் பெரிதாக மதித்தேன் என்பதும் ஊரறிந்தவை. பீடிப் புகையும் ஈர மணல் வாடையும் கலந்த இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, வீணை ஒலித்தால் "பண்ணையார் மகள்" என்பேன்; அவளே வருவாள். "வாத்தியார் பையன் சொன்னா கரீட்டா கீது" என்பார்கள்.

அவ்வாண்டு எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த பறைக் கலைஞர் கன்னியப்பனையும் அவர் கூட்டாளிகளையும் சினிமாக்காரர்கள் வேன் வைத்து மெட்ராசுக்கு அழைத்துப் போனார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் படமும் காட்டவில்லை, கதையும் சொல்லவில்லை. "உங்க விசேஷத்துல அடிக்கிறதையே அடிங்க" என்றார்களாம். கன்னியப்பன் தம் மூத்த மகள் கல்யாணத்தில் அடித்ததை அப்படியே அடித்துவிட்டு வந்தார். அந்த அடியை நான் அறிவேன். கல்யாணத்தன்று அது ஏரிக்கரையைத் தாண்டி எங்கள் தெருவரை வந்தது. எங்கள் தெருவார் அதைச் "சத்தம்" என்றார்களே தவிர, அடி என்று சொன்னதில்லை.

படம் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது, கன்னியப்பன் சலவை வேட்டியோடு மகளையும் சம்பந்தி வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மாலை ஆட்டத்துக்கு வந்தார். எங்கும் எழுதி வைக்கப்படவில்லையெனினும், நடுக்கம்பத்துக்கு வலப்புறம் ஊர்த்தெரு, இடப்புறம் காலனி என்று அந்த மணல் பிரிந்தே கிடந்தது. "பேசாம கேளுங்க சம்பந்தி, நம்ம மேளம் வரும்" என்று அவர் சொன்னது எங்கள் பக்கம் வரை கேட்டது.

இடைவேளைக்குப் பின் அந்த அடி எழுந்தது. நான் கண் திறவாமலே, "கல்யாணம் வருது!" என்று கத்தினேன். திறந்து பார்த்தால், முகத்தில் கரி பூசிய அடியாட்கள் தீப்பந்தங்களோடு பண்ணையார் வைக்கோற்போரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மறைந்ததும் பறை நின்று, சிவந்த மேனியளான பண்ணையார் மகளின் கண்ணீருக்கு வீணை தொடங்கியது.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "இன்னா கன்னியப்பா, உன் ஆளுங்க பந்தம் தூக்கிக்கினு எங்க போறாங்க, சம்பந்தி வூட்டுக்கா?" என்றான். விசில் பறந்தது.

கன்னியப்பன் எழுந்தார். அவர் நிழல் திரையில் விழுந்தது. "அது எம் பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்ச அடிய்யா" என்றார்.

"குந்துய்யா, படம் மறைக்குது!"

அவர் உட்காரவில்லை, வெளியே நடந்தார். பின்னால் மகள் போனாள். சம்பந்தி வீட்டார் வேட்டி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். பின்னாளில் இளைய மகள் கல்யாணத்துக்குக் கன்னியப்பன் பேண்டு செட்டு வைத்தார்.

அன்று முதல் எந்தப் படத்தின் இசையையும் நான் நம்புவதில்லை. யாருக்குப் புல்லாங்குழல், யாருக்குப் பறை, எந்த நிறத்து முகத்துக்கு எந்த வாத்தியம் என்றே காது தேடுகிறது. இதைத் தற்செயல் என்று இசையமைப்பாளர்கள் சொல்லலாம். எனக்கு ஐயம் தீரவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கம்பெனி பஸ்கள் திரும்புகின்றன. கம்பமும் மணலும் இல்லை, கன்னியப்பனும் இல்லை, அந்த அடியைக் கேட்டும் பல ஆண்டுகளாகின்றன. ஆனால் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் என் வயதொத்தவர்கள், "ரவுடிங்க வராங்கன்னு வாத்தியார் பையன்தான் மொதல்ல கத்துனான்" என்று இன்னும் சொல்லிவருகிறார்கள். அது பொய். நான் கத்தியது, கல்யாணம் வருகிறது என்று.