கழலாத நட்டு

யாராவது ஒரு நட்டை முறுக்கிப் பூட்டிவிட்டு, "இனி இது அசையாது" என்று பெருமையாகச் சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கட்டில் பூட்ட வருகிறவரிடம் கொஞ்சம் தளர்வாகவே விடச் சொல்வேன். கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு இருப்பதும் அந்த ஒரு பயம்தான்.

அப்போது இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்து, எங்கள் ஓட்டுரிமையை மட்டும் பிடுங்கிக்கொண்டு, சில வருஷம் ஆகியிருந்தது. நான் கொழுந்து எடுத்தேன். என் வீட்டுக்காரர், கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், இருந்த பெண்கள் என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடத் தயங்கத் தொடங்கிய பிறகு, ஒரு வழியாக எனக்கு நாள் தள்ளியது. அந்த வருஷம்தான் சின்னத்துரைக்கும் கார்ப் பைத்தியம் பிடித்தது.

சின்னத்துரை என்றால் தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு அடுத்த ஸ்தானம். இளந்தாரி வெள்ளைக்காரர். நுவரெலியாவில் மலை ஏறும் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் ஓட்டுவதற்காக எங்கிருந்தோ ஒரு பழைய காரை வாங்கி வந்து, ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். கூரையைக் கழற்றினார், கதவைக் கழற்றினார், விளக்கைக்கூடக் கழற்றிவிட்டார். பார்க்க எலும்புக்கூடு மாதிரி இருக்கும். முடுக்கினால் மட்டும், நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தூங்கும் குழந்தைகள் எல்லாம் வீறிட்டு எழும். அதை ரோட்டில் ஓட்டிக்கொண்டு நுவரெலியா போக முடியாது. ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். தோட்டத்தில் இருந்ததோ ஒரே ஒரு டிரெய்லர்.

அந்த டிரெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அதைப் பின்வண்டி என்போம். தூர மலைகளிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்குக் கொண்டுவருவது அதன் வேலை. ஆனால் அரிசி வருவதும் அதில்தான், கால் முறிந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். பிள்ளைப்பேறு சிக்கலானால் சாக்கை விரித்துப் பாயைப் போட்டுப் படுக்க வைத்து, சின்னத்துரையின் ஜீப்பிலோ லொறியிலோ கோத்துக் கீழே பஜாருக்கு அப்பால் இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இறக்குவார்கள். குலுங்கிக் குலுங்கித்தான் போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் லயத்தில் இரண்டு பேருக்கு அந்த டிரெய்லரிலேயே பிள்ளை பிறந்து, நன்றாகவும் இருக்கிறார்கள்.

அதைத்தான் காருக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார் துரை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோரில் அவர் செய்ததெல்லாம் தேய்ந்ததைச் சரிக்கட்டும் வேலை. புதிதாக ஒன்றை யோசித்துச் செய்யச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தட்டில் விரலால் கோடு போடுவார். டிரெய்லரின் பக்கத் தடுப்புகளை எடுத்தார். அச்சைப் பின்னால் தள்ளிப் பூட்டினார், பாரம் ஒரே பக்கம் சாயாமல் இருக்க. இழுக்கிற கம்பியை நீளமாக்கினார். கார் ஏறுவதற்குச் சாய்வாகச் சார்த்த இரண்டு பலகை. நடுவில் தரை எதற்கு, வீண் பாரம் என்று அடித்தளப் பலகைகளை முழுதாகப் பெயர்த்துவிட்டு, காரின் சக்கரம் நிற்க இரண்டு இரும்புத் தடம் மட்டும் வைத்தார். எட்டிப் பார்த்தால் கீழே மண் தெரியும்.

"இனிமே கொழுந்தெ எதுலங்க ஏத்துவாங்க?" என்று கேட்டேன்.

"பந்தயம் முடிஞ்சோன பலகயெ திரும்ப அடிச்சிருவேன் புள்ள. தொரை சொல்லியிருக்காரு" என்றார்.

ஆனால் அந்தப் பலகைகளைத் துரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். திரும்ப அடிக்கும்போது புதுப் பலகை வாங்குவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் அதை லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கொண்டுவந்து, உள்ளேயே வைத்து, எனக்குக் கட்டில் அடித்தார். எங்கள் லயத்தில் எவள் கட்டிலில் படுத்தாள்? நான் படுத்தேன். மழை நாளில் தரை ஓதம் முதுகில் ஏறாமல், நிறைவயிற்றோடு, ராணி மாதிரி. பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது. அது டிரெய்லரின் தரை என்ற நினைப்பே எனக்கு இல்லை.

முதல் வெள்ளோட்டத்தில் ஒரு விபத்து நடந்தது. ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்த்தது ஒரு இரும்பு முளை. மேலிருந்து செருகினால் கோத்துக்கொள்ளும், உருவினால் பிரிந்துவிடும். குழி விழுந்த ரோட்டில் துள்ளித் துள்ளி, ஒரு வளைவில் அந்த முளை எகிறி விழுந்துவிட்டது. டிரெய்லர் காரோடு பின்னால் உருண்டு ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. ஒரு சிராய்ப்போடு கார் தப்பியது. சின்னத்துரை எல்லார் முன்னாலும் தொப்பியைத் தரையில் அடித்துக் கத்தினார். "கார் போனா நீயும் போ, பிட்டர்!" அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

மறுநாள் பகல் சோறு கொண்டுபோனபோது அவர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முளையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஓட்டையில் தடித்த போல்ட் ஒன்றைப் போட்டு நட்டை இறுக்கியிருந்தார். அதோடு விடவில்லை. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் மரை முனையைச் சம்மட்டியால் அடித்து மடக்கி, நட்டோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். குலுக்கலில் நட்டு தானாகச் சுழன்று கழலக்கூடாதாம். நல்ல வேலைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

"இனிமே அந்த பிரம்மாவே வந்தாலும் கழட்ட முடியாது" என்று எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி.

பந்தயத்துக்கு முதல் நாளே துரையோடு அவரும் ஜீப்பில் போய்விட்டார். காருக்கு ஏதாவது ஆனால் பிட்டர் வேண்டுமே. பெரியதுரையும் வேடிக்கை பார்க்கத் தன் காரில் போனார். மறுநாள் லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து, சொன்ன நாளுக்கு முன்பே, எனக்கு வலி கண்டது.

லயத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. "புள்ள குறுக்கால கெடக்கு. என் கையில இல்ல ஆத்தா. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்" என்றாள்.

எதில் போவது? ஆண்கள் கூடிப் பேசினார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்றான் ஒருவன். தூக்கினால் கட்டில் வாசலில் இடித்தது. உள்ளே வைத்து அடித்த கட்டில், வெளியே வராது. காலைக் கழற்றப் பார்த்தார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் கைவரிசை, ஒன்றும் அசையவில்லை. கடைசியில் என்னைத் தரையில் இறக்கிவிட்டுக் கோடாலியால் கால்களை உடைத்தார்கள். வலியில் நான் கத்திய கத்தலில் அந்தச் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பலகையோடு சேர்த்து என்னைக் கயிற்றால் கட்டினார்கள். நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மருத்துவச்சி கூட ஓடிவந்தாள். தூறலும் மூடுபனியுமாக இருந்தது. டிரெய்லரின் தரை கடைசியில் தன் வேலையைச் செய்தது, சக்கரம் இல்லாமல்.

பாதி வழியில் ஒரு வளைவில், கீழே ஜீப் ஏறி வரும் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலைக் கேட்டு நான் சாமி கும்பிட்டேன். கார் முதல் ஓட்டத்திலேயே பழுதாகி, பந்தயத்தை விட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பி வந்துகொண்டிருந்தார்களாம்.

என் வீட்டுக்காரர் ஜீப் நிற்பதற்குள் குதித்தார். பக்கத்தில் வந்து என் தலையைத் தொட்டார். கையில் எண்ணெய் வாடை. சின்னத்துரை இறங்கிப் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். "ஜீப்பில் போடு, சுருக்கா!" என்றார். ஆனால் ஜீப்பின் முகம் மேலே பார்த்து இருந்தது, ஆஸ்பத்திரி கீழே இருந்தது. பின்னால் டிரெய்லர், அதன் மேல் கார், திருப்ப ரோட்டில் இடமில்லை. துரை பின்னுக்கு எடுத்துப் பார்த்தார். நீளமாக்கிய கம்பி மடங்கி, டிரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, ஒரு சக்கரம் கானில் விழுந்தது. அதன் பிறகு மேலேயும் போகாது, கீழேயும் போகாது. என்னை ஏற்றிக்கொண்டு மேலே ஸ்டோர் முற்றத்துக்கே போய்த் திருப்பி வந்திருக்கலாம் என்று பிறகு ஊரே சொன்னது. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"டிரெய்லரைக் கழற்று" என்றார் துரை.

சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்பானரோடு அடியில் புகுந்தார். ஸ்பானர் வழுக்கியது. மடக்கி அடித்த மரை நட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. சுத்தியலால் அடித்தார். இரும்பறுக்கும் வாள் ஸ்டோரில் இருந்தது. காரின் எஞ்சினுக்கு வேண்டியதெல்லாம் ஜீப்பில் இருந்தது, அந்த வாள் மட்டும் இல்லை. கழற்ற வேண்டி வரும் என்று அவர் நினைக்கவே இல்லையே.

என்னை ரோட்டோரத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். மழை முகத்தில் விழுந்தது. டொங், டொங் என்று சுத்தியல் சத்தம். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அது உயிரோடுதான் இருந்தது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"காத்துக்கிட்டு இருந்தா ரெண்டு உசுரும் போயிரும். தூக்குங்கப்பா" என்றாள் மருத்துவச்சி.

டிரெய்லர் ரோட்டை அடைத்துக் கிடந்ததால், பலகையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஏறி, சுற்றிப் போய்க் கீழே இறங்கினார்கள். "அண்ணே, நீங்களும் வாங்க" என்று ஒருவன் கூப்பிட்டான்.

"நீங்க நடங்க. இந்தா, இப்ப கழண்டுரும். ஜீப்போட வந்து புடிச்சுக்குறேன்" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

மலை ரோடு வளைந்து வளைந்து இறங்குவது. ஒரு வளைவில் திரும்பினால் சத்தம் தேய்ந்துபோகும். அடுத்த வளைவில் திரும்பினால் நேரே தலைக்கு மேலே கேட்கும். டொங், டொங். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இதோ வந்துவிடுவார் என்று நினைத்தேன். பிள்ளையிடம் சொன்னேன், அப்பா வர்றாரு, கொஞ்சம் பொறு சாமி. பஜாருக்கு மேலே கடைசி வளைவு வரைக்கும் அது கேட்டது. அதற்கு முன்பே, எந்த இடம் என்று தெரியவில்லை, வயிற்றில் புரள்வது நின்றுவிட்டிருந்தது.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் எடுத்துக் காட்டினார்கள். நர்சம்மா சிங்களத்தில் மருத்துவச்சியிடம் சொன்னது எனக்கும் புரிந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால்.

என் வீட்டுக்காரர் வந்தபோது இருட்டிவிட்டது. நட்டு கழலவே இல்லையாம். மலையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, டிரெய்லர், கார், ஜீப் எல்லாவற்றையும் அப்படியே தூக்கித் தள்ளி ஒதுக்கினார்களாம். அவர் உள்ளங்கை இரண்டும் கிழிந்து தொங்கியது. நர்சம்மா என்னை விட்டுவிட்டு அவருக்குக் கட்டுப் போட்டாள். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சின்னத்துரை ஒரு கம்பளி கொடுத்தனுப்பினார். அதன் பிறகு அவர் பந்தயம் ஓட்டவில்லை. சில மாதத்தில் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். டிரெய்லருக்குத் தரை அடித்துப் பழையபடி ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது, என் வீட்டுக்காரருக்கே. அந்த போல்ட்டை வாளால் அறுத்தார். ஒரு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம்தான் ஆயிற்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அறுத்த பிறகு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதன் பின் அவர் எதையும் இறுக்கிப் பூட்டவில்லை. கை முறுக்கும், பாதியில் நின்றுவிடும். ஸ்டோரில் மிஷின்கள் கடகடவென்று ஆடத் தொடங்கின. ஒரு நாள் இலை அரைக்கும் மிஷினிலிருந்து ஒரு நட்டு கழன்று விழுந்து ஒருவன் காலை நசுக்கப் பார்த்தது. பிட்டர் வேலையிலிருந்து எடுத்து மலைக்குத் துரத்தினார்கள், கவ்வாத்துக் கத்தியோடு. மீதிக் காலமெல்லாம் செடி வெட்டித்தான் கழித்தார். எனக்கு மறுபடி வயிறு திறக்கவில்லை. இரண்டு பேரும் தரையில்தான் படுத்தோம். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை.

ஒரே ஒரு முறை கேட்டேன். வருஷங்கள் போன பிறகு, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு நீங்க ஏன் என்கூட நடந்து வரல்ல?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தழும்பு காய்த்துப் போயிருந்தது.

"இன்னும் ஒரு அடி அடிச்சா கழண்டுரும்னு நெனச்சேன் புள்ள" என்றார். ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

நானும் கீழே ஒவ்வொரு வளைவிலும் அப்படித்தான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.