நான் எறிந்த ரப்பர் பஞ்சு

மெத்தை தைக்கிறவனுக்கு முதல் வியாதி இருமல், இரண்டாவது வியாதி எதிர்க்கடை. இருமலுக்குக் கஷாயம் உண்டு. எதிர்க்கடைக்கு மருந்து கிடையாது. அங்கே ஒரு ஆள் ஏறினால் உங்களுக்கு இங்கே சோறு தொண்டையில் நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். குழித்துறைச் சந்தை ரோட்டில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்றேன். மலைப்பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் கார் சீட்டும் பங்களா நாற்காலிகளும் பழுதானால் என்னிடம்தான் வரும். ஊரில் எனக்கிருந்த மதிப்பெல்லாம் அந்த எஸ்டேட் வேலையால் வந்ததுதான். எதிர்க்கடையில் தங்கையன் தேங்காய்த் தும்புக்கயிறு விற்றான். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவன். இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. நான் மறக்கவில்லை.

மூழ்காத குப்பை

எஸ்டேட் சீட்டுகளுக்குள் சீமையிலிருந்து வந்த ரப்பர் பஞ்சு இருந்தது. மேலெல்லாம் துளை, அமுக்கினால் எழும்பும். ஓரம் பிய்ந்துபோய் வருவதை உருவிப் போட்டுவிட்டு, தும்பும் இலவம்பஞ்சும் திணித்துத் தைத்துக் கொடுப்பேன். உருவியதை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. எரித்தால் தெருவே மூக்கைப் பிடித்தது. புதைத்தால் நாய் தோண்டியது. கடைசியில் ஆற்றில் போட்டேன். அது மூழ்காமல் மிதந்துபோய்க் குளிக்கடவில் ஒதுங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துண்டோடு கடையேறி வந்து என்னைத் திட்டினார்கள்.

தங்கையன் எதிர்க்கடையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போனதும் வந்து, அந்தப் பஞ்சைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிச்சம் இருந்ததையும் சாக்கில் கட்டி, என் தோளிலேயே சுமந்துகொண்டுபோய் அவன் கடையில் இறக்கினேன். அப்போது அவன் சொன்னான்: "அண்ணே, இந்தச் சவத்த இனி ஆத்துல எறியண்டாம். எப்பம் கெடச்சாலும் எனக்குத் தந்திருங்க."

பாக்குவெட்டி

மூன்று மாதம் தந்தேன். அவன் அதைச் சலவைக்காரம் போட்டுக் கழுவினான். வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்தினான். பாக்குவெட்டியால் துண்டு துண்டாக நறுக்கி, கையால் உதிர்த்து, கொஞ்சம் இலவம்பஞ்சோடு கலந்தான். அவன் மனைவி நாலு பக்கமும் நேராக ஒரு பையைத் தைத்தாள். ஆயிற்று, தலையணை! நான் எறிந்த குப்பைக்கு என் கண் முன்னாலேயே ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை அழகாகச் சொல்ல வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

தேங்காப்பட்டணத்துச் சாயிபு ஒருவர், கயிறு வியாபாரி. அவர் வீட்டு மூன்று கல்யாணத்துக்கும் நான்தான் மெத்தை தைத்தேன். அவர் எதிர்க்கடையில் ஒரு தலையணை வாங்கிக்கொண்டு, வெயிலுக்கு ஒதுங்க என் கடைக்கு வந்தார். என் பெஞ்சில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிறகு என்னையும் அமுக்கச் சொன்னார். "பாத்தியா செல்லையா, கைய எடுத்தா எழும்புது. உனக்க தலையணை அமுங்கினா அமுங்கினதுதான்."

கொட்டாரம்

அன்றோடு தங்கையனுக்குப் பஞ்சு கொடுப்பதை நிறுத்தினேன். "எனக்கே தேவைப்படுது" என்று சொல்லிவிட்டேன். என்ன தேவை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதோடு எங்கள் பேச்சும் நின்றது. ரப்பர் பஞ்சு வர வர, கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டு அறையில், தகரக் கூரை தொடுகிற மட்டும் அடுக்கினேன். அவன் நாகர்கோவில் கார்ப் பட்டறைகளுக்குப் போய் அலைந்து பொறுக்கி வந்தான். அவன் வியர்த்து வருவதைப் பார்க்க எனக்கு ஒரு சுகம். அடுக்கு வளர்ந்து கட்டிலையும் நெருக்கியபோது என் மனைவி ஞானம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நெல்லு வைக்க எடமில்ல. நிங்க குப்பைக்குக் கொட்டாரம் கெட்டி வச்சிருக்கிய!" கொட்டாரம் என்றால் எங்கள் பக்கத்தில் ராஜாவின் அரண்மனை.

பாலும் ஆசிட்டும்

சும்மா வைத்திருப்பதும் கேவலமாகப் பட்டது. தங்கையன் தூளைத்தானே திணிக்கிறான், நான் தூளை ஒட்டிக் கட்டியாக்கி முழு மெத்தையே செய்கிறேன் என்று கிளம்பினேன். ரப்பர் பால் எப்படி உறையும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? டிரேயில் பால் ஊற்று, ஆசிட் விடு, உறைந்ததும் மெஷினில் கொடு. பழக்கமான ஒரு ரப்பர் தோட்டத்தில் இடம் கேட்டு, டிரேயில் பஞ்சுத்தூளைப் பரப்பி, பால் ஊற்றி, ஆசிட் விட்டேன். அருமையாக உறைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கைப்பழக்கம் விடவில்லை, எடுத்து ஷீட் அடிக்கிற உருளை மெஷினில் கொடுத்துச் சுற்றினேன். மறுபக்கம் விரல் தடிமனில், வரிவரியாக, எழும்பவே எழும்பாத ஒன்று இறங்கியது. ரப்பர் ஷீட் ஏற்ற வந்திருந்த எஸ்டேட் டிரைவர் வறுவேல் அதைத் தூக்கிப் பார்த்தான். "கொள்ளாம் அண்ணே! மெத்த செய்யப் போயி, கால் தொடைக்க பாய் செய்திட்டிய!"

தங்கையன் அதே பாலை ஆசிட் இல்லாமல் தூளில் தெளித்து, மரப்பெட்டியில் அழுத்தி, புட்டு அவிப்பதுபோல அண்டாவில் ஆவி காட்டிக் கட்டியாக்கினான் என்று பிறகு தெரிந்தது. யாரிடம் கற்றான்? யாரிடமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எட்டு நாற்காலி

சித்திரை மாதம். துரை சீமைக்குப் போய், எஸ்டேட்டுக்குப் புது மானேஜர் வந்திருந்தார். வறுவேல் பங்களா நாற்காலிகள் எட்டையும் வண்டியில் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான். ஒரே நிபந்தனைதான்: உள்ளே இலவம்பஞ்சு கூடாது, ரப்பர் பஞ்சுதான் வேண்டும். "உங்ககிட்ட உண்டா, இல்ல எதிர்க்கடைக்குக் கொண்டு போகட்டா?" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊரிலேயே அதிக ரப்பர் பஞ்சு வைத்திருப்பவன் நான்! தங்கையன் பார்க்கட்டும் என்று சத்தமாகவே "உள்ள வந்து பாரு மக்கா" என்று கூப்பிட்டேன்.

மேல் அடுக்கை இழுத்தேன். தகரச் சூட்டில் வெந்து, பொரித்த அப்பளம்போல நொறுங்கியது. கீழ் அடுக்கு பலாச்சக்கைப் பிசினாக உருகி ஒன்றோடொன்று பிடித்திருந்தது. என் இரண்டு கையும் அதில் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் நூல்நூலாக வந்தது. ஞானம்மா எண்ணெய் எடுக்க ஓடினாள். வறுவேல் தலையைச் சொறிந்துகொண்டு எதிர்க்கடையைப் பார்த்தான். அவன் மலைக்குத் திரும்பிப் போனால் எஸ்டேட் வேலை என்றைக்குமாகப் போய்விடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்து, ஒன்றரை வருடம் பேசாத தங்கையனை நானே கூப்பிட்டேன்.

அவன் வந்தான். சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. குனிந்து ஒரு துண்டைக் கிள்ளி, விரலில் உருட்டிப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். "குப்பையா ஆத்துல எறிஞ்சிருந்தாகூட நான் பெறுக்கி எடுத்திருப்பேன் அண்ணே. நிங்க பத்திரமா வச்சுல்லா கெடுத்துட்டிய."

எட்டு நாற்காலிக்கும் உள்ளே பஞ்சு அவனுடையது, மேலே உறை என் தையல். உட்கார்ந்து எழுந்த எவனும் இன்றுவரை உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.