சும்மா நிற்கும் டப்பா

அடுக்கக்கா கட்டிய டப்பாக் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே, அந்த வட்டாரத்து மருந்துக் கடைகளில் கழுத்து வலித் தைலம் தீர்ந்துபோனது. சரி, இது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். தைலம் தீரவில்லை. ஆனால் உச்சி டப்பா கூரை விசிறியில் இடித்துவிடும் என்று விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது சத்தியமான பேச்சு. சந்தேகம் இருந்தால், இதோ எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் கணவரைக் கேட்டுக்கொள்ளலாம். லாரி ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் டீசல் செலவாகும் என்று நினைக்கிற மனிதர். இதுவரை அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரே கிடையாது. டப்பா துடைக்க வந்த பெண், அவ்வளவுதான். பழைய மரக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, வரிசையாக விளக்குப் போட்டு, வாசலில் மஞ்சள் பலகை மாட்டி, 'கூடையை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொன்னபோது ஜனங்கள் நம்பவில்லை. கடைக்காரன் கையிலிருந்து வாங்கித்தான் பழக்கம். தாங்களே எடுத்தால் யாராவது கையைப் பிடித்துவிடுவார்களோ என்று வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

அப்படிச் சொன்ன முதலாளியும் அவர்களோடு வாசலில்தான் நின்றார். அது அவருடைய வழக்கம். அதற்கு முன்பு அவர் வைத்திருந்தது, ஆள் உள்ளே நுழைந்தால் சரக்கு வெளியே வர வேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. அங்கே அவர் உட்கார்ந்ததே படியில்தான். வாங்க வருகிறவர் வாசலிலேயே முடிவு செய்துவிடுகிறார், அதனால் கடை என்பது வாசலிலிருந்து தெரிவது மட்டுமே என்பது அவர் கட்சி. பின்னாளில் தன் கடைகளில் எதற்குப் போனாலும் வாசலில் நிற்பார், ஒரு பார்வை பார்ப்பார், "ம்" என்பார், திரும்பிவிடுவார். அந்த "ம்" கிடைத்தால் அன்றைக்கு வேலையாட்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

துடைத்தது எது, துடைக்காதது எது என்று குழம்பக் கூடாதே என்பதற்காகத்தான் அவள் டப்பாக்களைக் கடை நடுவில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்க அடுக்கக் கை நிற்கவில்லை. வரிசைக்கு இடையே மெல்லிய பலகை, அதன்மேல் ஒன்று குறைவாக அடுத்த வரிசை என்று ஏணி போட்டு ஏறிப் போய்விட்டாள். இறங்கி வந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சம் பட்டு அது முழுக்க மின்னியது. தன் வீட்டில் ஒரு டப்பாவை வாரக்கணக்கில் சுரண்டிச் சுரண்டித் தின்றவள் அவள். உலகத்தில் இத்தனை இருக்கிறதா, இத்தனையும் ஒரே இடத்தில் நிற்குமா என்று கையில் துணியோடு நின்றாள்.

முதலாளி அன்றைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். கோபுரத்தைச் சுற்றினார். என்ன தோன்றியதோ, குனிந்து கீழ் வரிசையிலிருந்து ஒரு டப்பாவை உருவினார். வாசலில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோபுரம் நின்றது. அசையக்கூட இல்லை. அந்த டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "வாங்க, எடுங்க. எடுத்தா விழுற கடை இல்ல இது" என்றார். ஜனங்கள் அணை உடைந்த மாதிரி உள்ளே வந்தார்கள். அன்றிலிருந்து அவள் அடுக்கக்கா.

ரகசியம் சாதாரணமானது. குழந்தைகள் வந்தால் கீழே இருப்பதைத்தான் இழுக்கும் என்று, அவள் கீழ் வரிசை நடுவில் ஒரு டப்பாவைச் சும்மா நிற்க வைத்திருந்தாள். மேலே இருக்கும் பாரம் முழுவதும் பலகை வழியாகப் பக்கத்து டப்பாக்களுக்குப் போய்விடும். சும்மா நிற்கும் டப்பாவின் மேல் ஒரு தூசிப் பாரம்கூட இருக்காது. முதலாளியின் அதிர்ஷ்டம், கை அதன்மேலேயே போனது. அதற்குப் பிறகு அதிர்ஷ்டத்தை நம்பாமல், அடையாளத்துக்கு அந்த டப்பாவில் ஒட்டிய படத்தை மட்டும் லேசாகத் திருப்பி வைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த ஒரே தொழில் ரகசியம் அதுதான்.

பிறகு வந்ததெல்லாம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை, பாலத்துக்கு அருகே ஒன்று, ஆலைக் குடியிருப்பில் ஒன்று, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று மஞ்சள் பலகைகள் முளைத்தன. திறப்பு விழா என்றால் அடுக்கக்கா வர வேண்டும். சரக்கு லாரியில், டிரைவர் பக்கத்து இருக்கையில் அவளை ஏற்றி அனுப்புவார்கள். அந்த டிரைவர் பல பயணம் வாய் திறக்காமல் ஓட்டினார். ஒருநாள், "சீட்டு சௌகரியமா இருக்கா?" என்று கேட்டார். அவள் அதைக் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஊரிலும் கோபுரம், ஒவ்வொரு ஊரிலும் முதலாளி குனிந்து உருவும் டப்பா, ஒவ்வொரு ஊரிலும் கண்ணை மூடித் திறக்கும் கூட்டம். பெரிய கடை ஒன்றில் கதவு தானாகவே திறந்தது. அடுக்கக்கா அதன் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக, காவலாளி வந்து, "அக்கா, அதுக்கும் கை வலிக்கும்" என்று சொல்லும் வரை விளையாடினாள். உள்ளே அலமாரிகள் தெருக்களைப் போல நீண்டன. சோப்புக்கு ஒரு தெரு, பிஸ்கட்டுக்கு ஒரு தெரு. கடைசியில் போய் நின்று திரும்பிப் பார்த்தால் வாசல் சின்னதாகத் தெரியும். இது தீரவே தீராது என்று அவள் மனதாரச் சொல்லிக்கொண்டாள்.

அலமாரியில் இடைவெளி விழுந்தால் அதற்கு 'ஓட்டைப் பல்' என்று பெயர். அடுக்கக்காவுக்கு ஓட்டைப் பல்லைக் கண்டால் தன் வாயிலேயே பல் விழுந்த மாதிரி இருக்கும். பின்னால் இருப்பதை முன்னால் இழுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்திவிடுவாள். இதற்கு 'முகம் கட்டுவது' என்று பெயர். முகம் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. எல்லாக் கிளைகளுக்கும் போய் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தாள். முதலாளி வரப்போகிறார் என்று தெரிந்தால் அத்தனை கடைகளும் முகம் கட்டிக்கொண்டு நிற்கும். அவர் வாசலில் நிற்பார், பார்ப்பார், "ம்".

சரிவு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் விரல் வைத்துச் சொல்லத் தெரியவில்லை. கைபேசியில் தட்டினால் பொருள் வீட்டு வாசலுக்கே வந்தது. பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டினார்கள். சரக்கு கொடுப்பவர்கள் முதலில் தாமதமாக வந்தார்கள், பிறகு வரவே இல்லை. ஆனால் வாசலிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சரக்கு குறையக் குறைய அடுக்கக்காவின் கை கூர்மையானது. ஐந்து வரிசை ஆழத்துக்கு இருந்தது மூன்றானது, இரண்டானது. கடைசியில் முன்வரிசை மட்டும். அப்போதும் அலமாரி பளிச்சென்று நின்றது. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒருநாள் வழக்கமாக வரும் நர்ஸம்மா பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்தாள். இன்னொன்று எடுக்கக் கையை நீட்டினாள். கை மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை போனது, தோள் வரை போய் பின்பலகையைத் தட்டியது. திரும்பி அடுக்கக்காவைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, முன்னால டப்பா, பின்னால காத்தா?" என்றாள். திட்டவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிற குரலில்தான் கேட்டாள். அதுதான் அடுக்கக்காவுக்குச் சுருக்கென்றது.

அந்த மாதமே பாலத்துக் கடை மூடியது. மூடுவதற்கு முன்பு முதலாளி அங்கே போயிருந்தார். முகம் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்று, இங்கே சரக்கு நிறைய இருக்கிறதே என்று வந்த லாரியை வேறு கிளைக்குத் திருப்பிவிட்டார். அதை ஓட்டியது அவள் கணவர்தான். வீட்டுக்கு வந்து அவர் அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நோயாளியின் முகத்துக்குப் பவுடர் பூசிப் பூசி, வைத்தியரையே வாசலோடு அனுப்பிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மற்றவையும் ஒவ்வொன்றாக மூட, மிஞ்சியது மூன்று கடைகள், கிடங்கில் ஒரே ஒரு லாரிச் சரக்கு. மூன்றையும் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன், சரக்கு அங்கே போகும், மற்றவை மூடப்படும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். மூன்றில் ஒன்று அவள் துணியும் கையுமாகச் சேர்ந்த பழைய மரக் கிடங்குக் கடை.

மேலாளருக்கு 'விசில்' என்று பெயர். முன்பு விளையாட்டு வாத்தியார். ஆட்களைக் கூப்பிட விசில் அடிக்கிற பழக்கம் போகவில்லை. அன்று காலையில் விசில் அடித்து எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, ஓட்டைப் பல் ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்றார்.

"நான் கட்டமாட்டேன், சார்" என்றாள் அடுக்கக்கா.

விசில் வாயிலிருந்து நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நிறைஞ்சிருக்குன்னு நெனச்சா லாரி வராது. பாலத்துக் கடை அப்படித்தான போச்சு?"

"காலியா இருந்தா செத்த கடைன்னு நெனச்சு வாசல்லயே திரும்பிடுவாரு. இத்தன பேரு பொழப்புக்கா. நீங்க வெளயாடாதீங்க."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்லாவில் உட்காரும் பெண், எப்படியும் அழப்போகிறோம், முகத்தைக் கழுவிவிட்டாவது அழலாம் என்றாள். அடுக்கக்கா அலமாரிகளைக் கலைக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் நின்ற டப்பா, பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக் கடை நடுவில் கொண்டுவந்தாள். கடையில் இருப்பது இவ்வளவுதான் என்று ஒரே இடத்தில் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கல்லாப் பெண்ணும் பாட்டில்களைத் தூக்கிவந்தாள். கடைசியில் விசிலே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அலமாரித் தெருக்கள் வெறும் பலகைகளாக நின்றன. அடுக்கக்கா அவற்றை அப்படிப் பார்த்ததே இல்லை. வெறுமையும் இத்தனை பெரிதாக இருக்கும், அதற்கும் ஒரு கம்பீரம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நடுவில் அந்தக் கோபுரம். ஒரே அளவு டப்பாக்கள் இல்லை. குட்டையும் நெட்டையும் ஒல்லியும் குண்டுமாக, கல்யாண வீட்டுக் கூட்டம் போல.

முதலாளி வந்து வாசலில் நின்றார். லாரி அவருக்குப் பின்னால் நின்றது. "ம்" வரவில்லை.

"போன மாசம் நிறைஞ்சு இருந்துச்சேம்மா."

"முகம்தான் ஐயா நிறைஞ்சிருந்துச்சு. பின்னால ஒண்ணுமில்ல. ரொம்ப நாளாவே இல்ல."

"யாரு கட்டுனது?"

"நான்தான். எல்லாக் கடையிலயும் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"பாலத்துக் கடையிலயும்?"

"அங்கயும்தான் ஐயா."

அவர் வெகுநேரம் அலமாரிகளைப் பார்த்தார். வாசலில் நின்று தான் பார்த்த அத்தனை கடைகளையும் திரும்ப ஒருமுறை பார்ப்பது போல இருந்தது. பிறகு உள்ளே வந்தார். கோபுரத்தின் முன்னால் குனிந்தார். படம் திரும்பிய டப்பா எது என்று தேடினார், பிடித்தார், உருவினார். கோபுரம் நின்றது. உச்சியில் இருந்த ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய்கூட அலம்பவில்லை. அந்த நிற்பைப் பார்த்துத்தான் அவர், சரக்கு இங்கேயே இறங்கட்டும் என்றார். மற்ற மஞ்சள் பலகைகள் எல்லாம் இறங்கிவிட்டன. இந்த ஒரு கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. அடுக்கக்கா இன்றைக்கும் அங்கேதான் போகிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அது நிக்கல, பெரியம்மா."

எப்படி நிற்காமல் போகும், பாட்டிலில் எண்ணெய்கூட அலம்பவில்லை என்று சொல்லியாகிவிட்டதே என்று நான் கேட்டதற்கு, அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"விழுந்துச்சு. எல்லாமே விழுந்துச்சு. நான் லாரியிலருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். இருந்த சரக்கே அவ்வளவுதான், எல்லாம் சேந்துதான் நிக்க முடிஞ்சுது. சும்மா நிக்கிற டப்பான்னு அதுல ஒண்ணு வைக்க அவளால முடியல. முதலாளி தரையில உக்காந்து இவகூட ஒவ்வொண்ணா பொறுக்குனாரு. கடைசி டப்பாவ இவ கையில குடுத்துட்டுத்தான், லாரியப் பின்னால எடுத்து வாசல்ல போடுன்னு என்கிட்ட சொன்னாரு."