கணவருக்காக ஒரு ஜெபக் குறிப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை விசுவாச வீராங்கனை என்று நினைத்துவிடக் கூடாது.

தருமபுரியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் கணக்கு டீச்சர் தினமும் வந்து, கையைப் பிடித்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். அம்மா தேறி வந்தாள். அந்தச் சாமி மேல் எனக்கு அப்போது விழுந்த பிடிப்புதான். சனிக்கிழமை மதியம் தன் மாடி வீட்டில் நடக்கும் பைபிள் வகுப்புக்கு, அவர்கள் வார்த்தையில் சீஷத்துவ வகுப்புக்கு, டீச்சரக்கா கூப்பிட்டதும் போய்விட்டேன். இண்டூரில் எங்கள் வீட்டில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள். அதனால் கணவரிடம் ஸ்கூலில் கூடுதல் வேலை என்று சொன்னேன்.

மொத்தம் ஐந்து பெண்கள், பாயில் வட்டமாக உட்காருவோம். பைபிள் படித்த பிறகு ஒவ்வொருவரும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல, அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு வரிசையாக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். என் முறை வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாரையும் நல்லா வைங்க சாமி என்று மாரியம்மனிடம் கேட்பது போலவே கேட்டு, அவசரமாக ஆமென் போட்டுவிடுவேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஏன் வருவதில்லை என்று அக்கா கேட்டார். வீட்டில் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. கேட்கப் பயம், அதைச் சொல்ல வெட்கம்.

“வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாருங்க” என்றேன்.

நான்கு பேரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறைப்பானேன், அது சுகமாக இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோதெல்லாம், அப்படியேதான் என்று பெருமூச்சு விட்டேன். அந்த மனுஷன் பாவம், ஒன்றும் தெரியாமல் தக்காளிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தக்காளி விலை பார்க்க என் போனை எடுத்தார். அவர் போனில் நெட் தீர்ந்திருந்தது. வாட்ஸ்அப்பைத் திறந்ததும் மேலே அக்கா அனுப்பிய சனிக்கிழமை வகுப்பின் ஜெபக் குறிப்புகள். இரண்டாவது குறிப்பு: இண்டூர் சகோதரியின் கணவருடைய கடின இருதயம் மாற.

அவர் அதை இரண்டு முறை படித்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“இது என்னயத்தான?” என்றார். பிறகு, “எங்கிட்ட எப்ப கேட்ட, நான் எப்ப வேணாம்னேன்?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் சனிக்கிழமை தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அவ்வளவுதான். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் சண்டை போடப்போகிறார், பள்ளிக்கூடம் வரை விஷயம் போகும், வேலை போகும், என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவார் என்று என்னென்னவோ ஓடியது.

சனிக்கிழமை அவர் வண்டியை மாடிப்படி ஓரம் நிறுத்தினார். எட்டிப் பார்த்த அக்காவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். கீழேயே நின்றுகொண்டார்.

மேலே போனால் எல்லார் முகத்திலும் ஒரே வெளிச்சம். எங்களில் நர்ஸாக இருக்கும் சிஸ்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்கா ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்.

“கர்த்தர் அவரு மனச மாத்திட்டாரு. எப்படி நடந்துச்சுன்னு சாட்சி சொல்லுங்க சிஸ்டர்.”

தலையை ஆட்டினால் போதும். அவர் என்றென்றைக்கும் கல்நெஞ்சக்காரராக இருந்து திருந்தியவராகிவிடுவார். ஜன்னல் வழியாக அவர் இருமுவது கேட்டது.

“அவரு மாறலைங்க. அவரு கடினமாவே இல்ல. நான் அவருகிட்ட ஒரு வார்த்த கேக்காமயே உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டேன்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வாரம் ஒரு நல்ல மனுஷனைக் குற்றவாளியாக்கி ஜெபித்திருக்கிறோமே என்று மெதுவாகச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு யார் எதற்காக ஜெபித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது, மாடியில் சொன்னதை வண்டியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன். பஸ் ஸ்டாண்ட் தாண்டியது, ஊர்ப்பக்கம் ரோடு திரும்பியது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் திரும்பவும் பொய்தான் சொல்வேன் என்று தெரிந்தது.

“நாளைக்கு சர்ச்சுக்குப் போவட்டுங்களா?”

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவரிடம் எனக்காக நான் கேட்ட முதல் காரியம் அது. வண்டி வேகம் குறைந்தது.

“எனக்குப் புடிக்கல” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “இப்பயாவது கேட்டியே. போயிட்டு வா.”