வடமதுரை கேட்டில் ஒரு சென்னை புறநகர் ரயில்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ரயில் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. சென்னையில் தாம்பரம், செங்கல்பட்டு என்று ஓடுமே, அந்தப் புறநகர் மின்சார ரயில் ஒன்றை டீசல் எஞ்சின் பூட்டித் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு இழுத்து வருகிறார்களாம். மறுநாள் காலை 8.40க்கு வடமதுரை. எதற்கு வருகிறது, எங்கே போகிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. பதினேழு வருடமாக ரயில் பார்க்கிறேன், இந்தப் பாதையில் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை.

குழுவில் இல்லாத ஒருவருக்கும் அதைத் தனியாக அனுப்பினேன். அவர் பெயர் சகாயம், திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். பத்து வருடம் இரண்டு பேரும் ஒன்றாகவே ரயில் பார்க்கப் போவோம். அதற்கு முந்தைய வருடம் பழனிப் பாதையில் ஒரு பழைய டீசல் எஞ்சின் கடைசியாக ஓடப்போகிற தகவல் எனக்கு முதலில் கிடைத்தது. படம் என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்ற அற்ப ஆசையில் அவரிடம் மூச்சு விடவில்லை. எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், ரயிலை மறைத்தால் மன்னிக்க மாட்டார்கள். நான் படத்தைக் குழுவில் போட்ட அன்றைக்கே குழுவை விட்டுப் போனவர் என்னோடு பேசவே இல்லை. இப்போது, "வடமதுரைக்கு முன்னால் உள்ள கேட், கிழக்குப் பக்கம், புளியமரத்தடி, 8.40" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

காலை 5.15க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ். 65 கிலோமீட்டர், 55 ரூபாய், 6.50க்குத் திண்டுக்கல். அங்கிருந்து வடமதுரைக்கு இன்னொரு பஸ், 20 ரூபாய். இட்லியும் டீயும் 45. கேட் வரை ஆட்டோ 80. எட்டு மணிக்கு மரத்தடியில் நின்றுவிட்டேன். புதிதாக வருபவர்களுக்கு ஒரு விஷயம்: படம் எடுக்கும்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் ரயில் கறுப்பாகத்தான் விழும். இந்தப் பாதை ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. அதனால் காலையில் கிழக்குப் பக்கம், மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம்.

8.40க்கு வந்தது ஒரு சரக்கு ரயில். குழுவில் ஒருவர் "மணப்பாறை தாண்டியாச்சு" என்றார். இன்னொருவர் "திருச்சியையே விட்டுக் கிளம்பவில்லை" என்றார். மூன்றாமவர் அது நேற்றே போய்விட்டது என்று ஒரு படம் போட்டார். பார்த்தால் அது வேறு ஏதோ ஊர். ரயில் நேரம் காட்டும் செயலியில் தேடினால் அப்படி ஒரு ரயிலே இல்லை. ஒவ்வொரு தகவலையும் நம்பி சகாயத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். 9.30, 11 மணி, இன்று இல்லை, மறுபடி இருக்கிறது. போன தடவை உண்மையான ரயிலை மறைத்தேன், இந்தத் தடவை இல்லாத ரயிலைச் சொல்லி ஏமாற்றுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டால்? அந்தப் பயத்தில் இன்னும் இரண்டு செய்தி அனுப்பினேன்.

செவ்வந்திப் பூ மூட்டையோடு மொபெட்டில் வந்தவர் கேட்டில் நிறுத்தி, என் கேமராவைப் பார்த்தார்.

"யாருண்ணே வாரா? மந்திரியா?"

"ரயில் வருதுங்க."

"ரயிலு தெனமுந்தேன் வருது. அதுக்கா இம்புட்டு வெயில்ல நிக்கிறீக?"

அவர் போனதும், ரயில் எப்போது வரும் என்று கேட் கீப்பர் அம்மாவிடம் கேட்டேன். "ஸ்டேசன்ல இருந்து போன் பண்ணா கேட்ட மூடுவேன் சார். வாரது என்ன வண்டின்னு எனக்கு எதுக்குச் சொல்றாக? செத்த நேரம் நெழல்ல உக்காருங்க," என்றார்.

பன்னிரண்டரைக்கு மேல் வெளிச்சம் மாறியது. கேட்டைக் கடந்து மேற்குப் பக்கம், சீமைக்கருவேலப் புதர்களின் மறைவில் நிழலுக்கு உட்கார்ந்தேன். 2.10க்கு வையம்பட்டி நண்பர் ஒருவர், ரயில் அந்த ஊரைத் தாண்டும் வீடியோவையே அனுப்பிவிட்டார். "இப்போது நிச்சயம்" என்று சகாயத்துக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினேன்.

2.48க்கு ஹாரன் கேட்டுப் புதரை விட்டு வெளியே வந்தேன், ரயில் நெருங்கிவிட்டது. முன்னால் புகை கக்கும் டீசல், பின்னால் பன்னிரண்டு பெட்டி. உள்ளே கைப்பிடிகள் வரிசையாக ஆடின, பிடிக்க ஆள் இல்லை. பெயர்ப்பலகையில் ஊர் பெயரும் இல்லை. படம் அருமையாக விழுந்தது. ஆனால் கடைசிப் பெட்டி நகர்ந்ததும் நான் பார்த்தது வேறு. எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில், வெயிலுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு கேமராவோடு சகாயம் நின்றார்.

கேட் திறக்கவில்லை. திருச்சிப் பக்கம் ஒரு எக்ஸ்பிரஸ் போக வேண்டுமாம். ஆறு நிமிடம். அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கம்பிக்கு மேலே ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். சிரிப்பதா கூடாதா என்று புரியவில்லை.

கேட் ஏறியதும் ஓடினேன். "எப்ப வந்தீங்க வாத்தியாரே?"

"சர்ச்சுல பூசை முடிஞ்சு, சாப்ட்டு, ரெண்டரைக்கு வந்தேன்."

"வெளிச்சம் எதிர்ல இருக்கே, தெரியலையா?"

"அது தெரியாமயா? நீங்க பதினொரு செய்தி போட்டீக. நேரம் மாறிக்கிட்டே இருந்துச்சு, எடம் மாத்திச் சொல்லலையே. நான் வந்து அங்கன இல்லாட்டி, வரலைன்னு நெனச்சிருவீகளேன்னு நின்னேன்."

பக்கம் மாறிய செய்தியை மட்டும் அனுப்ப மறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவருடைய பைக்கில் திண்டுக்கல் வரை வந்தேன். வழியில் இரண்டு பேரும் எஞ்சினைப் பற்றி மட்டுமே பேசினோம்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர், தொப்பி கட்டாயம். கேட் அருகே கடை கிடையாது. கேட் கீப்பரிடம் சொல்லிவிட்டு, தண்டவாளத்திலிருந்து தள்ளியே நில்லுங்கள். போகவர மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள். குழுவில் வரும் நேரத்தைப் பாதிதான் நம்புங்கள். அந்த ரயில் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதுரை என்கிறார்கள், ராமேஸ்வரம் என்கிறார்கள்.

அன்று இரவே சகாயம் குழுவில் திரும்பச் சேர்ந்து, தான் எடுத்த படத்தைப் போட்டார். கறுப்பாக ஒரு நீளம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "மதியம் கிழக்குப் பக்கம் போய் நின்னது யாருப்பா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். நான் பதில் எழுதினேன்: "அங்கே நிற்கச் சொன்னது நான். தப்பு என்னுடையது. போன வருடத்துத் தப்பும் என்னுடையதுதான்."