ஒரே மூச்சில் குடித்த டீ

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு அல்சருக்காக என் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். "டீ, காபி கூடாது. தண்ணியைக்கூட வாய் வாயாத்தான் குடிக்கணும்" என்றார் டாக்டர். நானோ, சங்கு ஊதுவதற்குள் ஒரே மூச்சில் டீ குடித்துப் பழகிய ஃபாக்டரி ஆள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே, ஃபாக்டரி கேட்டுக்கு எதிர்க்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு ஸ்ட்ராங் டீயை அப்படியே கவிழ்த்துக்கொண்டேன். சற்று நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ மிதித்தார்கள். நெஞ்சு படபடத்தது, சட்டை வியர்வையில் நனைந்தது. சாகத்தான் போகிறோம், ஒருவனையாவது அடித்துவிட்டுச் சாவோம் என்று டீ மாஸ்டர் காளியின் சட்டையைப் பிடித்தேன். "விஷமாடா வச்சே?" என்று ஓங்கி அறைந்தேன். அவர் பாய்லர்மேல் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டார். எழுந்து என் மூக்கில் குத்தினார். ரத்தம் கொட்டியது. மறுபடி கை ஓங்கினார்.

"வயித்துல குத்திடாதப்பா, ஆபரேஷன் பண்ணது!" என்று அலறினேன்.

ஓங்கிய கை நின்றது. "இன்னா நைனா, வயித்த அறுத்துகினு வந்து டீய ஊத்திகினு, என்னிய அடிக்கிற?" என்று திட்டியபடியே என்னை பெஞ்சில் படுக்கவைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "விஷமில்லை. சின்ன வயிற்றில் சர்க்கரைத் தண்ணி மொத்தமா இறங்கினா இப்படித்தான் ஆகும்" என்றார் டாக்டர்.

இப்போது டீயை விட்டுவிட்டேன். காளி கடையிலேயே உட்கார்ந்து வெந்நீரை வாய் வாயாகக் குடிக்கிறேன். கொஞ்சம் வேகமாக அண்ணாந்தாலும், தழும்பு விழுந்த அந்தக் கையை ஓங்கிக் காட்டுகிறார்.