பிரேக்கை மிதித்தும் நிற்காத ஆட்டம்

ஒர்க் ஷாப்பில் அவனுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. கூட வேலை செய்தவர்கள் வைத்தது, தப்பும் சொல்ல முடியாது. ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு இரண்டு முட்டுக்கட்டை கொடுக்காமல் கீழே தலையை நீட்டமாட்டான். லிஃப்ட் என்றால் வேண்டவே வேண்டாம், படியிலும் கைப்பிடியை விடமாட்டான். முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. பயத்தில் நடுங்காத ஒரே உறுப்பு அவன் கைகள்.

அன்று காலை அவனுடைய ஒரே தங்கையும் மாப்பிள்ளையும் பழைய பிரிட்டிஷ் காரில் வந்து இறங்கினார்கள். இரண்டே பேர் உட்காரும் திறந்த வண்டி. வாங்கி ஒரு மாதம்தான். மாப்பிள்ளை அதைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேரே மலைப்பாதையில் ஏறப் போகிறார்களாம்.

"போறதுக்கு முன்னாடி சக்கரத்தை ஒரு தடவை பாத்துடறேன் மாப்பிள்ள."

"ஆரம்பிச்சுட்டாரா உங்கண்ணன்!" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினான். டொக் என்றது. ஆடக்கூடாத சக்கரம் ஆடியது.

"பாப்பா, உள்ள உக்காந்து பிரேக்கை மிதி. விடாத," என்றான் தங்கையிடம்.

பிரேக்கை மிதித்தால் சக்கரம் தன் தண்டோடு இறுகிக்கொள்ளும். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், சின்ன வேலை. நிற்கணுமே, கடவுளே, நிற்கணுமே என்று ஆட்டினான். எங்கே நின்றது? டொக், டொக். அப்படியென்றால் தண்டைத் தாங்குகிற கீழ் மூட்டு போச்சு. தடவிப் பார்த்தான். விரலில் கெட்டியாகக் கிரீஸ்.

"இதுல யாரு கிரீஸ் அடிச்சது?"

"நான்தான். நல்லா அமுக்கி அடிச்சேன்," என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

பாவி மனுஷன்! அந்த மூட்டு திருகுப் புரிகளில் சுழல்வது. அதற்கு ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் போய் ஆயில் இறங்குகிற வழியை அடைத்துக்கொண்டால் புரி காய்ந்து தேய்ந்து ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கிவிடும். மலைப்பாதையில் இடது பக்கம்தான் பள்ளம். தங்கை உட்காரும் பக்கமும் அதுதான்.

"வண்டி போகக்கூடாது மாப்பிள்ள."

"நேத்து முழுக்க ஓட்டினேன் மச்சான். உங்க பயத்துக்கு மருந்தே கிடையாது." ஜாக்கியை அவரே இறக்கி, அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லி, ஏறி ஸ்டார்ட் செய்தார். தங்கை இறங்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் ஓடிப்போய் வாசலை மறித்தான். "என் மேல ஏத்திட்டுப் போங்க."

"அண்ணா, நகரு!" என்று அவள் கத்தினாள். அவன் நகரவில்லை.

அவனைச் சுற்றிக்கொண்டு போக மாப்பிள்ளை கோபத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். வண்டி நகர்ந்ததோ இல்லையோ, படார்! இடது மூலை தரையில் உட்கார்ந்தது. சக்கரம் மடங்கிப் படுத்துக் கிடந்தது.

தங்கை இறங்கி வந்து அண்ணன் சட்டையைப் பற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான்... அந்தப் பக்கத்தையும் பாத்துடுங்க."

வலது பக்கம் ஜாக்கி கொடுத்து, முட்டுக்கட்டையும் வைத்துவிட்டு, சக்கரத்தைப் பிடித்தான். ஆட்டினான். விட்டான். மறுபடி பிடித்தான்.

"நீ பிடிச்சுப் பாரு பாப்பா," என்றான். "சக்கரம் ஆடுதா, என் கை ஆடுதான்னு எனக்குத் தெரியல."